பன்னிரண்டும் பன்னிரண்டும்

எண்ணி முடிய விடிந்து போயிற்று.
குடை ஒன்பது. ஏணி ஏழு. நங்கூரம் ஐந்து.
மின்விசிறி மூன்று.
கேத்தல் ஒன்று, அது மனையாவெளி ஜெசிந்தா.
வெடி வாங்கி வைத்திருந்த எல்லோரும்
கொளுத்துவதா விடுவதா என்று
கச்சேரி வாசலில் நின்று கதைத்தார்கள்.

சபை மண்டபத்தில்
இருபத்தைந்து கதிரைகளுக்கும் தூசி தட்டினேன்.
பெயர்ப் பலகைகளை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க
செயலாளர் கையை விரித்தார்.
"இன்னும் எத்தனை இரவு கிடக்கு, பொறு."

அந்த மூன்று கிழமையும்
திருகோணமலையில் ஒருவருக்கும் பகையாளி இல்லை.
மேடையில் கள்ளன் என்றவரும்
கள்ளன் எனப்பட்டவரும்
உட்துறைமுக வீதிக் கடையொன்றில்
ஒரே தட்டில் கணவாய்ப் பொரியல் எடுத்தார்கள்.
ஜெசிந்தாவின் ஒழுங்கைக்குள்
இரவில் நுழைந்த வாகனங்கள்
திருப்ப இடமில்லாமல்
பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேறின.

முதலாம் அமர்வு.
திறந்த வாக்கா, இரகசிய வாக்கா என்பதற்கே
ஒரு வாக்கெடுப்பு.
நான் இரண்டு தரம் தேத்தண்ணி கொடுத்து முடித்தேன்.
பிறகு கைகள் உயர்ந்தன.
இந்தப் பக்கம் பன்னிரண்டு.
அந்தப் பக்கமும் பன்னிரண்டு.
ஜெசிந்தா கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்,
சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"திருவுளச்சீட்டுத்தான்" என்றார் ஆணையாளர்.
"கடுதாசி கொண்டு வாங்கோ, ஒரே அளவாய் ரெண்டு."
வெள்ளைத்தாள் முடிந்து ஒரு மாதம்.
அலுமாரியில் கிடந்த பழைய கடிதமொன்றை எடுத்து
அடிமட்டம் வைத்துக் கிழித்தேன்.
ஒரு பக்கம் வெறுமை.
மறுபக்கம் நீல மையில் நெருக்கமான எழுத்து,
வாசிக்க நேரமில்லை.

பிஸ்கற் பேணி குலுங்கியது.
மூன்று வருடமாக டக்டக்கென்று அடிக்கும் மின்விசிறியின் சத்தம்
அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

ஏணிக்காரர் பெயர் வந்தது.
வெளியே, நமுத்துப்போன வெடிகள்
ஒன்று விட்டு ஒன்று வெடித்தன.
மாலையை வாங்கிப் படியில் வைத்ததும்
கோட்டைப் பக்கத்து மானொன்று வந்து
செவ்வந்தியை மட்டும் தின்று
நாரை விட்டுப் போனது.

கூட்டும்போது
தோற்ற சீட்டு கதிரைக் காலடியில் கிடந்தது.
திருப்பிப் பார்த்தேன்:
'மாரியிலும் நிரம்பி வீட்டுக்குள் வருகிறது, ஐயா. தயவுசெய்து'
அவ்வளவுதான்.
எந்தக் கான், எந்த ஒழுங்கை என்பது
முதல்வரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.