நாற்பத்தோராம் விதி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் மாடியறை.
சனி பின்னேரம் ஐந்து பேர்,
ஒரு மேசை, எட்டுப் பகடைகள்.
ஒன்பதாவது பலகை இடுக்கில் விழுந்து
கீழ்க்கடை சீலிங்குக்குள் கிடக்கிறது,
என்ன எண் காட்டுகிறதோ.

விதிகளை எழுதியவன் அருள்நேசன்.
சி.ஆர். கொப்பியில், மூன்று நிறப் பேனையில்,
ஓரமெல்லாம் அம்புக்குறிகளோடு.
அதை மென்பொருளாக்கித் தருகிறேன் என்று
வாயைக் கொடுத்தவன் நான்.
இது இரண்டாவது மழைக்காலம்.

மூடுபனியில் அம்பு எய்ய முடியாது.
வேடன் எய்யலாம்.
காயம்பட்ட வேடன் எய்ய முடியாது.
மருந்து கட்டியவள் பக்கத்தில் நின்றால்
எய்யலாம், ஆனால் பாதி.
ஏழில் பாதி எவ்வளவு?
மூன்று என்கிறது ஆறாம் பக்கம்.
'நாலு, பாவம்' என்கிறது
இருபதாம் பக்கத்துப் பென்சில்.

துணிவு கூடினால் உயிர்ப்புள்ளி கூடும்,
உயிர்ப்புள்ளி கூடினால் துணிவு கூடும்.
மேசையில் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
என் லெப்டொப்தான்
கூட்டிக் கூட்டி, விசிறி அலறி,
செத்தது.

பகல் வேலையில் நான் இப்படித் திணறியதில்லை.
தோட்டக் கந்தோருக்குச் சம்பளக் கணக்கு எழுதினேன்.
பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்.
ஈரக் கொழுந்துக்கு இரண்டு கிலோ கழிவு.
மழையில்லாத நாளிலுமா என்று கேட்டேன்.
"எல்லா நாளும்" என்றார் பெரிய கிளாக்கர்.
ஒரு மத்தியானத்தில் முடிந்தது.
இதுவரை ஒரு பிழை வரவில்லை.

போன சனி
புவிராஜின் ஆள் பள்ளத்தில் தொங்கினான்.
கயிறு ஈரம். நாற்பத்தோராம் விதி: விழுவான்.
ஜெனிட்டா சொன்னாள்,
"நான் பள்ளத்துக்கிட்ட பொய் சொல்லப் போறேன்.
இவன் ஏற்கனவே விழுந்துட்டான்,
இன்னொரு தரம் விழ வேணாம்னு."

பள்ளத்துக்கு என் அட்டவணையில்
ஆழம் இருக்கிறது, வழுக்கல் இருக்கிறது.
காது இல்லை.

அருள்நேசன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.
கொட்டகலை பஸ் ஹோர்ன் அடித்தது.
மாலு பனிஸைக் கடித்தான். மென்றான்.
"போடு. பதினொன்னு வந்தா நம்பும்."

போட்டாள். பகடை
கொப்பி விளிம்பில் சாய்ந்து நின்றது.
நாலும் இல்லை, பதினொன்றும் இல்லை.
என் நிரலில் பகடை சாய்ந்து நிற்காது.
கலைமதியின் முழங்கை
மேசையில் பட்ட மாதிரியும் இருந்தது,
படாத மாதிரியும்.
அவன் பிழைத்ததில் இன்னும் தகராறு.

இரவு நாற்பத்தோராம் விதியைத் திறந்தேன்.
'விழுவான்' என்ற வரிக்கு மேலே
ஒரு பொத்தான் வைத்தேன். பெயர்: பொறு.
அழுத்தினால் திரை ஒன்றும் செய்யாது,
யாரோ மென்று முடிக்கும்வரை.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
சம்பளக் கணக்கையும் திறந்தேன்.
'ஈரம்' என்று தொடங்கும் வரி.
அதன் மேலே
வெற்று இடத்தில் சுட்டி
துடித்துக்கொண்டிருந்தது.