தலைக்கு ஒரு டிக்கெட்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
உட்காராமலே கேட்டார்:
சேவுகன்னா நீதானா, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம்?
மூன்று நாள்தான் சார்.
சரக்கு எடுக்கவா?
இல்லை, வேஷம் போட.
நாடகமா?
இல்லை.
அதற்குமேல் சொல்ல எனக்கும் தெரியவில்லை.
போனில் படம் காட்டினேன்:
கோலாலம்பூரில் ஒரு பெரிய கூடம்,
கொம்போடும் இறக்கையோடும் நூறு பேர்
பொரித்த கோழிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.
வெகுநேரம் பார்த்தார்.
'இதுக்குக் காசு யாரு தர்றா?'
நான்தான் சார்.
பேனாவை மூடிவிட்டு
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

காரைக்குடிக்குக் கப்பல் புதிதில்லை.
வட்டிக்குப் போனார்கள், தேக்குக்குப் போனார்கள்,
இப்போது வெல்டிங்குக்கும் ஓட்டலுக்கும் போகிறார்கள்.
மீனாகப் போகிறவன்
நான் ஒருவன்தான் போல.

பகலில் செக்காலை ரோட்டில் பல்செட் கட்டுகிறேன்.
மெழுகில் ஈறு, அக்ரிலிக்கில் கடைவாய்.
இந்த ஊரில் எத்தனையோ பேர்
என் கைவேலையால் முறுக்கு கடிக்கிறார்கள்.
இரவில் அதே மாவு, அதே அரம்:
வெயில் எட்டாத ஆழத்தில்
நெற்றியில் விளக்கு முளைத்துத் திரியும் தூண்டில் மீனுக்கு
முப்பத்தெட்டுப் பல்,
ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல்.
மனித வாய்க்கு அப்படிச் செய்தால்
வேலை போய்விடும்.

தோலுக்குச் செருப்பு ரப்பர் ஷீட்.
அந்த மீனுக்குச் செதிலே கிடையாதாம்;
அது தெரியவந்தபோது
இருநூறு செதில் வெட்டி முடித்திருந்தேன்.
விளக்குக்கு, சீரியல் செட்டில் பிடுங்கிய
ஒற்றை நீல பல்பு.
கடலைத் தொண்டியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
முழங்கால் வரை.

தெரு முழுக்கத் தெரிந்துபோனது.
பெட்டிக்கு இருபது கிலோ; வாலே பதினாறு.
மனகோலமும் சீப்புச்சீடையும் வேண்டாம் என்றதில்
மூன்று வீடுகள் என்னோடு பேசுவதில்லை.
மளிகைக்கடை நாச்சியப்பனிடம் மட்டும்
மறுக்க முடியவில்லை:
ஈப்போ தம்பிக்கு மேல்செட்டும் கீழ்செட்டும்.
மாசியில் வந்தபோது அளவு கொடுத்துப் போனவர்,
கூடத்துக்கே வந்து வாங்கிக்கொள்வாராம்.
உடைந்தால் மாட்ட வைத்திருந்த
மீனின் உபரிப் பற்களோடு
ஒரே டப்பாவில், நடுவில் பஞ்சு வைத்து, மூடினேன்.

விடியக் காலை மூன்றே முக்கால்.
புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி.
தலை மேல்தட்டில் நுழையவில்லை,
சீட்டுக்கடியிலும் இல்லை.
மடியில் வைத்தால்
பக்கத்து சீட்டை எட்டிக் கடித்தது.
'என்னது இது?'
தலை.
'லக்கேஜ் போடணும். ஒரு ஆள் இடத்தை அடைக்குது.'
வெள்ளிக்காசு மாற்றியது போக
பையில் டீக்கு மட்டும்தான் இருந்தது.
போட்டுக்கிட்டா?
கண்டக்டர் யோசித்தார்.
டிக்கெட் கட்டைக் கட்டைவிரலால் இருமுறை புரட்டினார்.
'போட்டுக்கிட்டா அது தொப்பி.'

போட்டுக்கொண்டேன்.
அதற்கு வாய் வழியாகத்தான் பார்வை.
பல்லிடுக்கில் ஊர் போனது,
ரயில்வே கேட் போனது,
பெயர் தெரியாத ஒரு கண்மாய்
கொஞ்ச தூரம் கூடவே வந்தது.
டிரைவர் உள்விளக்கை அணைத்தார்.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து,
கனவு என்று முடிவுசெய்து,
மறுபடி தூங்கினார்.
ரப்பர் வாசனைக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
கோலாலம்பூரில் செய்யப் பழகியிருந்த நடை,
தலையாட்டல், எதுவும் ஞாபகம் வரவில்லை.

திருமயத்துக்குச் சற்று முன்னால்
வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது.
எதிர்வரிசையில், டூட்டிக்குப் போகும் நர்ஸ்,
மடியைத் தடவினாள், சீட்டைத் தடவினாள்,
பிறகு என் பக்கம் திரும்பி,
'அண்ணே, அந்த லைட்டைக் கொஞ்சம்
இப்படிக் காட்டுங்க,
கம்மல் திருகு விழுந்திருச்சு.'

பல் யாரையும் இடிக்காமல்
மெதுவாகக் குனிந்தேன்.
நீல வெளிச்சத்தில்
கடலைத் தோல், கிழிந்த டிக்கெட், யாருடையதோ செருப்பு.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், என்றாள்.