காலி நாற்காலியிடம் ஒரு பேரம்

ஆண்டின் கடைசி நாள், மாலை நான்கு மணி.
ஒமாஹாவின் சாலைகளில் உப்புத் தூவி முடித்திருந்தார்கள்.
அந்த மாதம் பன்னிரண்டு வண்டி விற்றிருந்தேன்;
பதின்மூன்றாவதன் மேல் உட்கார்ந்திருந்தது என் போனஸ்.

வெர்னா ஸ்டோல்ப் உள்ளே வந்தார்,
பூட்ஸில் ஒட்டிய பனியை மிதியடியில் உதைத்துத் தள்ளிவிட்டு.
கையில் ஒரு மஞ்சள் உறை.
தனியாகவா வந்தீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
"ஏன், வண்டியைத் தள்ள வேண்டியிருக்குமா?"

கருநீல வண்டியின் கதவைத் திறந்து மூடினார்,
மறுபடியும் திறந்து மூடினார்,
அந்தத் 'தொப்' என்ற சத்தத்துக்காகவே.
இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்தி
"எந்த ஊர் மாடு?" என்றார்.
பவேரியா என்று அடித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

மேசையில் தாளை விரித்து ஒரு கூட்டல் குறி போட்டேன்.
நான்கு கட்டம்: வண்டி விலை, பழைய வண்டிக்குக் கழிவு,
முன்பணம், மாதத் தவணை.
ஒன்றைப் பிடித்தால் மற்றவை நழுவும்;
எங்கள் பிழைப்பே நழுவுவதில்தான்.
பேனாவைப் பிடுங்கி மூன்று கட்டங்களை அடித்தார்.
"ஒரு மாடு, ஒரு விலை."

எண்பத்தாறாயிரம் டாலர் என்றேன்.
உறையைத் தட்டினார்.
"லிங்கனில் எழுபத்தொன்பது. டெ மொய்னில் அதற்கும் கீழே."
"அடிமாட்டு விலைக்குக் கேட்கிறீர்கள், மேடம்."
"முப்பத்தோரு வருஷம் கால்நடை ஏலத்தில் கணக்கு எழுதியவள் நான்.
அடிமாட்டு விலை பவுண்டுக்கு எவ்வளவென்று
சென்ட் சுத்தமாகத் தெரியும்.
இது அது இல்லை."

மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

கண்ணாடி அறையில் மேலாளர் இல்லை.
கோர்டன் இரண்டு மணிக்கே
கியர்னியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.
கடைசி விலை எழுதிய சீட்டு
காலையிலிருந்து என் சட்டைப் பையில் இருக்கிறது.
ஆனாலும் போவேன். எல்லோரும் போவோம்.
அவருடைய நாற்காலியின் முதுகு மட்டும் வெளியே தெரியும்.
அதன் எதிரே நின்று கையை விரித்தேன்,
நெற்றியைத் தேய்த்தேன், கெஞ்சினேன்.
உதடு அசைய வேண்டுமே, என்ன பேசுவது?
வீட்டில் ஹீட்டர் செத்து ஒன்பது நாள் ஆகிறது என்றேன்.
டெனிஸ் பையனைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்,
குளிர் ஒரு சாக்குதான் என்று தோன்றுகிறது என்றேன்.
யாரிடமும் சொல்லியிராத வாக்கியம்.
நாற்காலி வாயே திறக்கவில்லை.
பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்பான் என்று
யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு முறை போனேன்.
எண்பத்து மூன்று. எண்பத்தொன்று. எழுபத்தொன்பதரை.
ஒவ்வொரு முறையும் நிஜமாகவே களைத்துத்தான் திரும்பினேன்.

"எழுபத்தெட்டாயிரத்து எண்ணூறு" என்றார்,
ஆவணக் கட்டணத்தின் மேல் ஒரு கோடு இழுத்தபடி.
பையிலிருந்த சீட்டிலும் அதே எண்.
கை கொடுத்தேன். அவர் கை என்னுடையதைவிடச் சூடாக இருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்:
"எங்கள் ஏலக்காரர் சில நாள் தூணைப் பார்த்துத் தலையாட்டுவார்,
தூண் விலையை ஏற்றிவிட்டது போல.
நானும் குனிந்து எழுதிக்கொள்வேன்.
பின்சீட்டுக்கு ரப்பர் விரிப்பு வேண்டும்.
போய் அந்த நாற்காலியைக் கேளுங்கள்."

விரிப்போடு வந்தபோது
கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.
"அந்த இரைச்சலில் காதால் எதுவும் கேட்காது.
உதட்டைப் பார்த்துத்தான் எழுதுவோம்.
ஹீட்டருக்கு ஓர் ஆளைத் தெரியும். பண்டிகை நாளிலும் வருவான்."
ரசீதின் பின்புறம் ஓர் எண்ணை எழுதினார்.
டெனிஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மஞ்சள் உறையை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார்.
பிரித்தேன்.
லிங்கன் கடிதம் இருந்தது.
டெ மொய்ன் இருக்க வேண்டிய இடத்தில்
பல் மருத்துவர் அனுப்பிய நினைவூட்டல்.
காட்டுங்கள் என்று நான் கேட்கவே இல்லை.

வெளியே, ஒரு மேகமும் இல்லாத வானத்தின் கீழ்,
வைப்பர் ஓடிக்கொண்டிருக்க,
இடது பக்கம் திரும்பிப் போனது என் பதின்மூன்றாவது வண்டி.