திமிங்கலத்துக்கு யார் எண்ணெய் போடுவது

திபிலிசியில் ஒரு பழைய பட்டாலையின்
மூன்றாம் மாடியில் வைத்துத்தான்
திமிங்கலத்துக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தோம்.
எடை தொண்ணூறாயிரம் டன்.
முதுகில் எட்டுப் பெட்டி, இருநூறு இருக்கை,
மேகத்திலிருந்து மேகத்துக்கு ஒரு வழித்தடம்.
ஈர்ப்புவிசை என் பொறுப்பு.
ஓர் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன்,
எழுந்துவிட்டது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எதேரி கேட்டாள்.
சோதனைப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்
பிழைப்பட்டியலில் ஒரே காலையில் பதினான்கு எழுதினாள்.

மழையில் முதுகு வழுக்கும். கைப்பிடி எங்கே?
கடைசி வண்டியைத் தவறவிட்டவன்
எந்த மேகத்தில் படுப்பான்?
குழந்தை வண்டியோடு வருகிறவள்
இந்த நூற்றுப்பத்துப் படியை என்ன செய்வாள்?
திமிங்கலத்துக்கு யார் எண்ணெய் போடுவது?

கதை எழுதும் ஸாஸா சிரித்தான்.
"அதற்கு உயிர் இருக்கிறது, எதேரி. எண்ணெய் வேண்டாம்."
"அப்படியானால் இன்னும் மோசம்.
கீழே வீடுகள் இருக்கின்றன.
அது கழிப்பதை யார் அள்ளுவது?"

அவள் சியாத்தூராக்காரி.
மாங்கனீசு மலைக்கும் ஊருக்கும் நடுவே
கம்பியில் தொங்கிப் போகும் இரும்புப் பெட்டிகளில்
ஒன்றுக்கு அவள் அம்மா பொறுப்பு:
கதவு, மணி, எத்தனை தலை என்ற கணக்கு.
தொண்ணூற்று நான்கில் ஒருநாள் மின்சாரம் போனது.
போவது புதிதல்ல.
அன்று பெட்டி நின்ற இடம்தான் புதிது,
க்விரிலா ஆற்றுக்கு நேர் மேலே.

உள்ளே பதினோரு பேர்.
ஒரு மூட்டை மாவு. ஒரு வாத்து.
நாற்பது நிமிடம்.
இரண்டு சுரங்கக்காரர்கள்
மூன்று வருடக் கடனைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்,
வேறு வழியில்லை, வெளியே போக முடியாது.
பல்வலிக்காரி ஒருத்தி
யாரையும் பார்க்காமல் கொஞ்சம் அழுதாள்.
வாத்து மட்டும் ஜன்னல் வழியே
தனக்குத் தெரிந்த இடம்போல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு பிழையை மறுபடி வரவழைக்கும் படிகளை
ஒன்று, இரண்டு என்று சொல்லும் அதே குரலில்
இதையும் சொன்னாள்.

எனவே சேர்த்தோம்.
நூறு பயணத்தில் ஒருமுறை
திமிங்கலம் நடுவானில் உறங்கிவிடும்.
விளக்கு மங்கும். முன்பின் தெரியாதவர்கள்
தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்குவார்கள்.
அந்தப் பேச்சை எழுத ஸாஸா ஒரு குளிர்காலம் எடுத்துக்கொண்டான்.
எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

விளையாட்டு வெளியானது.
திமிங்கலம் பறக்கிறது, சரி என்றார்கள்.
மேகத்தில் நிலையம், அதில் மணிக்கூண்டு, அதுவும் சரி.
நின்றுவிட்டால் மட்டும்
நம்பும்படி இல்லை.
லியோனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
இவ்வளவு பெரிய உலகைக் கட்டியவர்களுக்கு
ஒரு வண்டியை ஓட்டத் தெரியாதா?

எட்டாம் நாள்
நூற்றில் ஒன்றைப் பூச்சியமாக்கினேன்.
அதற்கும் ஒரு விசைதான் தட்ட வேண்டியிருந்தது.
எதேரியே நானூறு முறை ஏறி இறங்கிப் பார்த்து
"சரிசெய்யப்பட்டது" என்று குறித்தாள்.

அன்றிரவு ஸாஸா வீட்டில் சாப்பாடு.
ஒன்பதாம் மாடி.
அந்தக் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் மேலே போகும்;
சுவரில் துளையிட்ட ஒரு தகரப் பெட்டி,
இருபது தெத்ரி.
"இதைப் போய் விளையாட்டில் வைத்தால்..." என்று
நான் தொடங்கினேன்,
யாரும் பதில் சொல்லவில்லை.
எதேரி காசு போட்டாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
விளக்கு ஒருமுறை இமைத்தது.
பிறகு எதுவும் நகரவில்லை.
ஸாஸா கைப்பேசியைத் தேடினான்.
நான் மது போத்தலைத் தரையில் வைத்தேன்.
எதேரி கதவில் சாய்ந்துகொண்டு,
"சரி," என்றாள்,
"யார் யாருக்குக் கடன்?"