மீதித் தண்ணீர்

லாரி வராத மூணாம் நாள்தான் தெரிந்தது:
எண்ணி வைத்த குடத்தில் ஒரு சாண் இல்லை.
சில்லறை குடித்திருக்கிறாள்.
நண்டு கழுவின சட்டியையும் வழித்துவிட்டு
மறுபடி வந்து என் காலண்டை நிற்கிறாள்.

"வெயில்மா, பதினோரு வயசு வேற"
என்றான் தேசப்பன்.
போன மாசம்தான் தீட்டு நின்றது.
நெத்திலித் தலையை மோந்து
முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாய்
காசிமேட்டில் உண்டா?
வாலடியில் பழுப்பாய் ஒரு பிசுக்கு.
மீன் வாடையில் செத்துப்போன என் மூக்குக்கே
எட்டியது அது.

மூணு ஆட்டோ நிற்கவில்லை.
நாலாவதில், மீன்கூடையோடு, வேப்பேரி.

சிரைத்த வயிற்றில் கருவியை ஓட்டி
டாக்டர் பெண் திரையைக் காட்டினாள்:
"கர்ப்பப்பை பூரா சீழ்.
ஊசி மட்டும் போதாதும்மா,
இன்னிக்கே எடுக்கணும்."

எனக்கு எடுத்தபோது
கைநாட்டு மட்டும் கேட்டார்கள்.
இவளுடையதைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள்,
ஊதிப்போன விலாங்கு ரெண்டு,
உள்ளே இத்தனை நாள்
சத்தமில்லாமல்.

பத்து நாள் மாத்திரை.
தையலை நக்காதிருக்கக் கழுத்தில்
அடி அறுத்த பெயின்ட் வாளி.

இன்று கிண்ணத்தில் பாதி குடித்தாள்.
மீதியை விட்டுவிட்டுப் படுத்தாள்.
லாரி ஹாரன் கேட்டும்
நான் அந்தப் பாதியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.