பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்

தாலுகா ஆபீஸுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
அரசாங்கம் எழுதுவதும்
அரசாங்கத்துக்கு ஊர் எழுதுவதும்
இங்கே வந்து
ஒரே கண்ணாடியில் குப்புறப் படுக்கும்.

சித்திரையில் முதலில் வந்தது வரைபடம்.
பனையத்திடல், நூற்று முப்பத்தெட்டு ஏக்கர்,
மேய்க்கால் புறம்போக்கு, தரிசு, பயனற்றது.
காவலர் பயிற்சி வளாகம்.
அணிவகுப்புத் திடல், குதிரை லாயம்,
துப்பாக்கி சுடும் தளம்,
ஆயிரத்து இருநூறு பேர் தங்க விடுதி.
ஒரு தாளில் அடங்கவில்லை.
நான்காக எடுத்து ஒட்டினேன்.
ஒட்டின இடத்தில் வடிகால் வாய்க்கால் காணோம்.
கோந்துக்குள் போய்விட்டது, என் பிழை என்று
மூலத்தை எடுத்துப் பார்த்தேன்.
அதிலும் இல்லை.

வைகாசியிலிருந்து மனுக்கள்.
பக்கிரிசாமி நாலு பக்கம் எழுதியிருந்தார்:
ஐயா, தரிசு என்கிறீர்கள், ஐப்பசியில் வந்து பாருங்கள்.
மேற்கே நாலு ஊர்த் தண்ணீரும்
அங்கேதான் உட்கார்ந்து மூச்சுவிட்டு
ஆற்றுக்குப் போகும்.
மூன்றடி செம்மண் கொட்டினால்
அது எங்கே வந்து உட்காரும்?
எங்கள் வீட்டில் நாற்காலி இரண்டுதான்.

வாத்து மேய்க்கும் வைரக்கண்ணு கைநாட்டு வைத்தார்,
மிச்ச மையை என் மெஷினில் துடைத்தார்.
ஜெகபர்நாச்சியாவின் மனு மூன்றே வரி:
சுடும் தளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அறுநூறு அடி.
என் மகன் ஆறாம் வகுப்பு.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அதே வாரம் அபிநயா வந்தாள்,
பக்கிரிசாமியின் இளைய மகள்.
இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு விண்ணப்பம்.
சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், மூன்று செட்.
விடியற்காலை அவள் ஓடிப் பழகுவதே
அந்தத் திடலில்தான்,
டிராக் பேண்ட் முழுக்க நாயுருவி.
தட்டில் அப்பாவின் மனு கிடந்தது.
நின்றபடியே நாலு பக்கமும் படித்தாள்.
"ரெண்டாம் பக்கத்துல வடிகாலுக்குக் கால் விட்டுப்போச்சு" என்று
என் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முன்னால் ஆறு வரிசை காக்கி, உட்கார்ந்து.
பின்னால் ஊர், நின்றுகொண்டு.
"நாங்க போலீஸுக்கு விரோதி இல்லைங்க"
என்று ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள்,
சாப்பிடுமுன் கை நனைப்பது போல.
தையல்நாயகி நனைக்கவில்லை.
"போன தையில என் வீட்டுக்காரரை
விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனீங்க.
நடந்து வந்த ஆளை ஆட்டோவுல எறக்கி விட்டீங்க.
பயிற்சி போதலைங்கிறீங்களா?"
அப்போதுதான் மைக் போனது.
கரண்ட் போகவில்லை.
ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கூட்டக் குறிப்பு மறுநாள் என்னிடமே வந்தது.
பொதுமக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.
சில ஐயங்கள் தெளிவுபடுத்தப்பட்டன.
இருபத்தைந்து பிரதி.
பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டேன்,
முதல் தாள் வெள்ளையாய் வந்தது.
கசக்கிப் போடவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி பதினேழு.
மூன்று நாளாய் விடாத மழை.
செம்மண் லாரி ஒன்று
திடலோரம் அச்சுவரை இறங்கி நிற்கிறதாம்.
டிரைவர் பெட்டிக்கடையில் டீ குடித்துவிட்டு
பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

சாயங்காலம் அபிநயா வந்தாள், தலையில் உரச்சாக்கு.
பாலித்தீன் உறைக்குள் அழைப்புக் கடிதம்,
உடற்தகுதித் தேர்வு, அடுத்த திங்கள்.
பிறகு போனை நீட்டினாள்.
கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்.
அளந்து நட்ட கல்லில் தலை மட்டும் வெளியே,
அதன்மேல் வைரக்கண்ணுவின் வாத்து ஒன்று.
"இது கலர்ல வேணும், அப்பாவோட கேஸுக்கு."

கலர் பத்து ரூபாய் என்றேன்.
எதில் எத்தனை என்று கேட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:
"லெட்டர் ஒண்ணு.
தண்ணி இருபது."