மூன்றாவதில் கை வைக்காதே

வில்னேர்,
நீ இரவு வேலை முடிந்து வரும்போது
நான் பகல் வேலைக்குப் போயிருப்பேன்.
படுக்கையில் என் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்,
மன்னித்துக்கொள்.
அல்லது, இந்தப் புந்தா அரெனாஸ் குளிரில், எடுத்துக்கொள்.
உனக்கு ஸ்பானிஷ் இன்னும் தடுக்குகிறது என்றார்கள்,
அதனால் பெரிய எழுத்தில் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிறேன்.

நேற்று நீ பதினேழு முறை செத்திருக்கிறாய்.
நான் ஒட்டுப்பார்க்கவில்லை, திரையே கணக்கு வைக்கிறது.
பதினேழும் ஒரே இடம்:
இறங்குகலத்துக்கு வெளியே, முதல் இயந்திர நாயிடம்.

பாய்வதற்கு முன் அதன் காது மடங்கும்.
காதைப் பார், வாயைப் பார்க்காதே.
பின்னால் ஓடாதே, அதற்கு நான்கு கால்.
பக்கவாட்டில் உருள்.
பயிற்சி நாளன்று நண்டுப் பெட்டிகள் சரிந்தபோது
நீ துள்ளி விலகினாயே, அப்படி.
அந்த உடம்பு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

புள்ளிகளைத் துப்பாக்கியில் கொட்டாதே.
எல்லோரும் கொட்டுவோம். நானும் கொட்டினேன்,
பெரிய துப்பாக்கியை அணைத்தபடி
மூச்சுமுட்டிச் செத்தேன்.
முதலில் நுரையீரல்.
பிறகு முதுகு, சுமப்பதற்கு.
முதல் சம்பளத்தில் பூட்ஸ் வாங்கு, கைப்பேசி அல்ல என்று
உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதே கணக்கு.

உடைந்த மோட்டாரை விற்றுவிடாதே,
சுரங்கத்தில் ஒருத்தி கேட்பாள்.
எல்லோரிடமும் இரண்டு முறை பேசு.
முதல் முறை எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பார்கள்,
இரண்டாம் முறைதான் பூட்டின் எண் வாயில் வரும்.
(மேற்பார்வையாளர் ஓயார்சூனும் இந்த ரகம்தான்.
விடுப்பை இரண்டு முறை கேள்.)

கையெறிகுண்டுகளைச் சேர்த்துவைக்காதே.
கடைசி எதிரிக்கு, கடைசி எதிரிக்கு என்று
முப்பத்தொன்பது குண்டுகளோடு ஆட்டத்தை முடித்தவன் நான்.
அவற்றை இப்போது எந்தக் கடையில் விற்பது?

‘கதை மட்டும் போதும்’ என்றொரு நிலை உண்டு.
அடி குறைவாக விழும். வெட்கப்படாதே,
யாரும் பார்க்க மாட்டார்கள்.
நான் பார்ப்பேன்தான். சொல்ல மாட்டேன்.

மின்தூக்கியில் ஏறுமுன் சேமி.
இங்கே காற்று கிளம்பினால் மின்சாரம் சொல்லாமல் போகும்.
நடுத்தெருவில், பறந்துபோகாமல் பிடித்து நடக்க
கயிறு கட்டியிருக்கிறார்களே,
சேமிப்பு அந்தக் கயிறு.

சேமிக்க மூன்று இடம் உண்டு.
முதலாவது என்னுடையது. இரண்டாவது உனக்கு.
மூன்றாவதில் கை வைக்காதே.
உனக்கு முன் இந்தப் படுக்கையின் பகல் பாதி
நிபால்தோவுடையது.
பயப்படாதே, படகு எதுவும் மூழ்கவில்லை.
ஒருத்தியின் பின்னால் வடக்கே போய்விட்டான்,
மூன்று மாத வாடகை பாக்கி.
அவனுடைய ஆள் சிவப்புக் கதவின் முன் நிற்கிறான்,
உயிர் ஒரு கோடு, தோட்டா இரண்டு.
சில இரவுகளில் திறந்து பார்ப்பேன்.
எதையும் அழுத்த மாட்டேன்.
அவன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான், தோள் ஏறும், இறங்கும்.
பாக்கி வந்ததும் அழித்துவிடுவேன்.
வரட்டும் பார்க்கலாம்.

எலாதியோ

*

செவ்வாய், காலை ஐந்தரை

நாயைத் தாண்டிவிட்டாய். சபாஷ்.
ஆனால் ஒன்று புரியவில்லை.
நேற்று நான்கு மணி நேரம் ஆடியிருக்கிறாய்,
ஓர் எதிரிகூடக் குறையவில்லை.
உன் ஆள், இரண்டு சூரியன்களும் காயும்
உப்புச் சமவெளியில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.
உன் ஊரில் உப்பளம் உண்டாமே, மார்த்தா சொன்னாள்.
அது இருக்கட்டும்.

தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.
முகத்தில் வெயில்.
அறுநூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன்,
அதைக் கழற்றலாம் என்றே எனக்குத் தெரியாது.

எந்தப் பொத்தான்?
எழுதி ஒட்டு.
பெரிய எழுத்தில்.